கரூருக்கு அஞ்சு தட்டு

பண்ணிக் குடுத்தர்லாமுங்க சார். நீங்க கேக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. லிஸ்ட்டுல நாலாயிரம் அயிட்டம் இருக்குது, மூணெழுத்து அடிச்சா அந்த போல்ட்டோ நட்டோ தானா வந்து நிக்கோணும், அவ்வளவுதானுங்களே? அரை நாள் வேலை. ஆனா அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கோணும். உங்க கடையில கம்ப்யூட்டர்ல உக்கார்ற பொண்ணு, இப்ப எப்படி எடுக்குது? ஸ்கிரீனைப் பாத்து எடுக்குதா, கையில இருக்கற சீட்டைப் பாத்துட்டே எடுக்குதா?

சிரிக்கறீங்க. நான் கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்க. புரோகிராம் எழுதறவனுக்கு அந்தப் பொண்ணு கண்ணு எங்க இருந்தா என்னன்னு நினைக்கறீங்க. நானும் அப்படித்தானுங்க நினைச்சுட்டு இருந்தேன். ஒரு வாரம் நான் உங்க கடைக்கு வந்து அந்தப் பொண்ணுக்குப் பின்னால ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கறேன். அப்பறம்தான் கை வெப்பேன். இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க, எனக்கு வருத்தம் இல்லீங்க.

உக்காருங்க சார், உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். கோவிச்சுட்டுப் போயிராதீங்க. காரணம் இருக்குதுங்க.

எங்கக்கா வசந்தாமணி. என்னைவிட எட்டு வயசு மூத்தது. இதே ஈரோட்டுல, மங்களவல்லி பார்சல் சர்வீஸ்ல புக்கிங் கவுண்டர். பத்தொம்பது வருஷம் ஒரே சீட்டு. பெட்சீட்டு, லுங்கி, துண்டு, சேலை, எந்த ஊருக்கு பண்டல் போனாலும் எங்கக்கா கை வழியாத்தான் போகோணும். அக்கா சேந்த வருசமே அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு, அதுவும் எங்கக்காவாலதானுங்க. மொதலாளி நாச்சிமுத்து அண்ணன்கிட்ட, "எங்க தம்பி படிச்சுட்டு சும்மாதான் இருக்கறான், அவனையே எழுதச் சொல்லுங்க"ன்னு சொல்லுச்சு. நான் எழுதின மொத சாஃப்ட்வேரு அது. என்ற பொழப்பு அந்த இடத்துல ஆரம்பிச்சதுதானுங்க.

அந்த சாஃப்ட்வேர்ல ஊர் லிஸ்ட்டு ஒண்ணு. அமுக்கினா கீழ விரியும், நீங்க பாத்திருப்பீங்க. அதுல சாதாரணமா என்ன நடக்கும்னா, கே அடிச்சா கே-வில ஆரம்பிக்கற மொத ஊருக்குப் போகும். மறுபடி கே அடிச்சா ரெண்டாவது ஊரு. இப்படி அடிக்க அடிக்க ஒவ்வொண்ணா எறங்கும். நான் செஞ்சதில்லை, அது அப்படியே வர்றது. கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரம், காங்கேயம், காரைக்குடி, கரூர். கரூருக்கு அஞ்சு தட்டு. கும்பகோணம் எல்லாத்துக்கும் கடைசி, எட்டுத் தட்டு. எங்கக்கா டடடடன்னு அடிக்கறதை ரோட்டுல நின்னாக் கேக்கலாமுங்க. லோடுமேன் எல்லாம், "அக்கா மழை பேயுது"ம்பாங்க.

நாலு வருசம் முன்னால ஆடி மாசம் எங்க வீட்டுக்கு வந்திருந்தப்பப் பாத்தேன். வலது கை நடுவிரல் வீங்கியிருந்துச்சு. தைலம் போட்டுத் தேச்சுட்டு உக்காந்திருந்துச்சு. என்னக்கான்னேன். "கே விரலு கண்ணு, வேற ஒண்ணும் இல்லே"ன்னு சிரிச்சுது. நான் எழுதின சாமானு எங்கக்கா விரலைத் தின்னுட்டு இருக்குதேன்னு நினைச்சேனுங்க.

தீபாவளிக்கு அக்காவுக்குச் சீர் குடுக்கறது தம்பி கடமை இல்லீங்களா? சேலை எல்லாத் தம்பியும் எடுத்துக் குடுப்பான். நான் புரோகிராம் எழுதறவன். நான் வேற ஒண்ணு குடுக்கலாம்னு நினைச்சேன். தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை, இந்தச் சேர்ல உக்காந்துதான் எழுதினேன். அடிக்கற எழுத்தையெல்லாம் சேத்து வெச்சுத் தேடற மாதிரி. கே ஏ ஆர் யூன்னு நாலெழுத்து அடிச்சாக் கரூர் வந்து நிக்கும். கே யூன்னு ரெண்டே எழுத்துல கும்பகோணம் வந்துரும், எட்டுத் தட்டுக்குப் பதிலா ரெண்டு. அடிச்ச எழுத்துக்கு ஊரே இல்லீன்னா இருந்த இடத்துலயே நிக்கும். ஒரு மணி நேரம் சோதிச்சுப் பாத்தேன். அருமையா இருந்துச்சு. இங்கிருந்தே நெட்டு வழியா அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்.

அக்காகிட்டச் சொல்லலீங்க. அது தானாக் கண்டுபிடிச்சு, "டேய் தம்பி, என்னடா பண்ணி வெச்சிருக்கற"ன்னு போன் பண்ணோணும்னு ஆசை. திங்கக்கிழமை பூரா போனைக் கையிலயே வெச்சுட்டு இருந்தேன். வரவே இல்லை. பிசியா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

எனக்குத் தெரியாத ஒண்ணு இருந்துச்சுங்க சார். அக்கா ஸ்கிரீனையே பாக்கறதில்லை. கண்ணு பூரா சீட்டு மேல. விரல்தான் எண்ணும். கரூருக்கு அஞ்சு, கும்பகோணத்துக்கு எட்டு, மாயவரத்துக்கு எம்மு மூணு. எண்ணிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிரும். அந்த சாஃப்ட்வேரை எழுதினவன் நானு, பத்தொம்பது வருஷத்துல ஒரு நாள் பின்னால நின்னு பாத்ததில்லை. அடிச்சுட்டே பாத்து, ஊரு வந்ததும் நிறுத்தும்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இப்பப் புரியுதுங்களா? கே ஒரு தடவை அடிச்சா கள்ளக்குறிச்சி. அடுத்த கே அடிச்சா, ரெண்டு கே-யில ஆரம்பிக்கற ஊரு உலகத்துல இல்லை, அது நகராது. அக்கா அஞ்சு தட்டினாலும் கள்ளக்குறிச்சி, எட்டுத் தட்டினாலும் கள்ளக்குறிச்சி. எம்முன்னா மதுரை. டி-ன்னா தென்காசி. தீபாவளி சீசன், நானூறு புக்கிங். பண்டல்ல கடைப் பேரு மட்டும்தான் எழுதியிருக்கும், லோடுமேன் மிஷின்ல வர்ற லேபிளைப் பாத்துத்தான் வண்டியில ஏத்துவான். சீசன் அவசரத்துல யாரும் நின்னு கவனிக்கலை, சாயங்காலம் எல்லா வண்டியும் கெளம்பிப் போயிருச்சு.

செவ்வாய்க்கிழமை காலையில கள்ளக்குறிச்சி கொடவுன்காரன் போன் பண்றான், இங்க நிக்கறதுக்கு எடமில்லைன்னு. கும்பகோணத்துல ஒரு பண்டலும் எறங்கலை. எல்லாம் தீபாவளிச் சரக்குங்க. ஒவ்வொரு ஊர்லயும் கடைக்காரன் வாயைத் தொறந்துட்டு ஒக்காந்திருக்கான். நாச்சிமுத்து அண்ணன் எனக்கு போன் போட்டு, "கெளம்பி வா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

போனேன். கவுண்டரைச் சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. லோடுமேன், டிரைவர், கணக்குப்பிள்ளை எல்லாம். அக்கா அதே சேர்ல உக்காந்திருக்குது. அண்ணன் எல்லார் முன்னாலயும் கேக்கறாரு, "தம்பி, ஒரே வார்த்தையில சொல்லு. தப்பு மிஷின்லயா, கையிலயா?"

நான் குனிஞ்சு அடிச்சுப் பாத்தேன். கே ஏ ஆர் யூ. கரூர் வந்துச்சு. எம் ஏ ஒய். மாயவரம் வந்துச்சு. நான் செஞ்சது செஞ்சபடி இருந்துச்சு. "சாஃப்ட்வேர் சரியாத்தானுங்க இருக்குது"ன்னேன்.

உண்மைதானுங்களே? அந்த நிமிசத்துல எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

அப்பத்தான் அக்கா சொல்லுச்சு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. "கரூருக்கு அஞ்சுதான் கண்ணு தட்டினேன். கும்பகோணத்துக்கு எட்டு. எப்பவும் தட்டறதுதான் தட்டினேன்."

எனக்கு ஒரே நொடியில எல்லாம் தெரிஞ்சுருச்சு. என்ன நடந்துச்சு, யாரால நடந்துச்சு, எல்லாம். வாயைத் தொறந்தேன். அண்ணன் என்னையே பாத்துட்டு இருக்காரு. அந்த மாசம்தான் அவரு சங்கத்துல பேசி, இன்னும் நாலு பார்சல் ஆபீசுக்கு என்ற சாஃப்ட்வேரை வாங்க வெக்கறேன்னு சொல்லியிருந்தாரு. ஆனா அதுக்காக இல்லீங்க. நான் சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள அக்கா எந்திரிச்சு நின்னுருச்சு. "தம்பி சரின்னாச் சரியாத்தான் இருக்கும். என்ற கைதானுங்கண்ணா தப்பு. என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியலீங்க"ன்னு எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

அதுக்கு மேல நான் என்னங்க சொல்றது? அதுவே ஒத்துக்கிட்ட பொறவு நான் போயி இல்லைன்னா, எங்கக்காவைப் பொய் சொல்றவளாக்கின மாதிரி ஆகாதுங்களா? அன்னைக்கு அப்படித்தானுங்க தோணுச்சு.

அண்ணன் ஒண்ணும் திட்டலை. நல்ல மனுசன். "வசந்தா, நீ கொஞ்ச நாளைக்கு உள்ள இரும்மா"ன்னு சொன்னாரு. பின்னால கொடவுன்ல, வந்த சலானைக் கம்பியில கோத்து வெக்கற வேலை. கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணைப் போட்டாங்க. அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பாத்து மூணெழுத்து அடிக்கும், ஊரு வந்து நிக்கும். என்ன வேகம், என்ன வேகம்னு ஆபீசே சொல்லுச்சு. எப்பவும் அது அப்படித்தான் இருந்துச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

ஒரு நா அக்கா சலானை எடுக்க முன்னால வந்தப்ப அதைப் பாத்திருக்குது. ராத்திரி எனக்கு போன். "ஏன்டா தம்பி, எழுத்தை அடிச்சாலே வருமாமா? பத்தொம்பது வருஷமா இது தெரியாம முட்டாளாட்டத் தட்டிட்டு இருந்திருக்கறனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீயி?" கோவமா இல்லீங்க. வெக்கப்பட்டுட்டுக் கேக்குது. நான், "நெட்வொர்க் சரியில்லைக்கா, அப்பறம் பேசறேன்"னு வெச்சுட்டேன்.

பத்து நாள்ல வேலைக்குப் போறதை நிறுத்திருச்சு. தீபாவளிக்குச் சேலை எடுத்துட்டுப் போனேன், நல்ல சேலை. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, எனக்கு எல போட்டுச் சோறு போட்டுச்சு. சாப்பாட்டுல உப்பு இருக்குதான்னு நாலு தடவை கேட்டுச்சு. எங்கக்கா உப்புக் கேட்டு நான் பாத்ததே இல்லீங்க. அப்பறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. அடுப்பை நிறுத்திட்டனான்னு திரும்பத் திரும்பப் போயிப் பாக்கறது. மாமாவுக்குச் சக்கரை மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு, மறுபடி அட்டையை எடுத்து எண்ணறது. கடைசியில மாத்திரை குடுக்கறதையே விட்டுருச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு எடுத்துக் குடுக்கச் சொல்லும். என்ற கையை நம்ப முடியாது கண்ணுன்னு சொல்லும்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. நானே கார்ல கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன், பெரிய நரம்பு டாக்டர்கிட்ட. ஸ்கேன் எடுத்தாச்சு. டாக்டர் நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லச் சொன்னாரு. தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்போதுன்னு நிக்காமச் சொல்லுச்சு. டாக்டர் சிரிச்சுட்டு, "எனக்கே இவ்வளவு வேகமா வராதும்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லை"ன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அக்கா வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து அழுவுது. "ஒரு நோவுன்னு சொல்லியிருந்தா மாத்திரையாவது குடுத்திருப்பாங்க கண்ணு. ஒண்ணுமில்லீன்னா நான் என்ன பண்றது?"

பக்கத்துல உக்காந்திருந்தேன். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தேன்.

போன வருசம் ஒரு நா அதுவே கேட்டுச்சு. "அந்த ஊர் லிஸ்ட்டு உன்கிட்ட இருக்குதா? ஒரு தடவை தட்டிப் பாக்கறேன்"னு. லேப்டாப்பை எடுத்துட்டுப் போனேன். அதுக்குள்ள நான் ரெண்டு வழியும் சேத்து எழுதி வெச்சிருந்தேன். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா பழைய மாதிரி ஒவ்வொண்ணா எறங்கும். வேற வேற எழுத்து அடிச்சா சேத்துத் தேடும். இப்ப என்கிட்ட வாங்கற எல்லாத்துலயும் அதுதானுங்க இருக்குது, உங்களுக்கும் அதுதான் போடுவேன். அஞ்சு வரிங்க சார். அஞ்சே வரி. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அந்த அஞ்சு வரியை எழுதியிருந்தா... விடுங்க. அந்த அஞ்சு வரியை நினைச்சாத் தூக்கம் வர்றதில்லை.

அக்கா உக்காந்துச்சு. ஊர் பேரு நான் சொல்றேன், அது தட்டுது. ஸ்கிரீனைத் திருப்பி என் பக்கமே வெச்சுக்கச் சொல்லிருச்சு. கரூர். அஞ்சு தட்டு, வந்துச்சு. மாயவரம், மூணு. கும்பகோணம், எட்டு. அறுவது ஊரு கேட்டேன், அறுவதும் சரி. ஒண்ணுகூடத் தவறலை. "எல்லாம் சரிக்கா"ன்னேன். சந்தோசப்படும்னு பாத்தேன்.

கையை மடியில வெச்சுக்கிச்சு. அப்பறம் கேக்குது, "இன்னைக்கு எல்லாம் சரியா வருது. அன்னைக்கு மட்டும் ஏன்டா தம்பி?"

அதை விட நல்ல நேரம் எனக்குக் கெடைக்காதுங்க. வீட்டுல வேற யாருமில்லை. கேள்வியும் அதுவே கேட்டுருச்சு. நான் லேப்டாப்பை மூடிட்டு, "அன்னைக்கு உனக்கு என்னமோ ஆயிருச்சுக்கா"ன்னேன்.

"ஆமா"ன்னுச்சு. "ஆனாலும் ஒண்ணு தம்பி. உன்ற சாஃப்ட்வேர் மேல பழி வராமப் போச்சு பாரு. வந்திருந்தா நீ இத்தனை தூரம் வந்திருக்க முடியுமா? அதுவரைக்கும் நிம்மதி"ன்னுச்சு. சார், என்ற மேல அவ்வளவு பாசமுங்க அதுக்கு.

என்ன கேட்டீங்க? இல்லீங்க, இன்னும் சொல்லலை. அண்ணன்கிட்டயும் சொல்லலை. சொல்லோணும்னுதான் இருக்கேன். ஆனா இப்பச் சொன்னா, இத்தனை வருசம் ஏன்டா சொல்லலைன்னு கேக்கும் பாருங்க, அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. மொத நாளே சொல்லியிருந்தா அது ஒரு தப்பு. இப்பச் சொன்னா அது வேறயாயிருது. அதுக்குத்தான் வேற எல்லாம் செய்யறேன். மாசத்துக்கு ரெண்டு தடவை போறேன். ஆஸ்பத்திரி, கோயிலு, எங்க போகோணும்னாலும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். எந்தத் தம்பி செய்வான் சொல்லுங்க?

இதெல்லாம் முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு நினைப்பீங்க. போன வெள்ளிக்கிழமை ஒண்ணு நடந்துச்சுங்க. அதுல இருந்து எனக்கு மனசே சரியில்லை.

அக்காவுக்கு ஒரே மக, சிந்துஜா. அவளுக்கு வெள்ளிக்கிழமை காலையில பொம்பளப் புள்ளை பொறந்துச்சு. சுகப்பிரசவம். எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தோம். எங்க பக்கம் பொறந்த கொழந்தைக்குச் சேனை வெப்பாங்க, உங்களுக்குத் தெரியும். சக்கரைத் தண்ணியை விரல்ல தொட்டு மொத மொதல்ல நாக்குல வெக்கறது. யாரு வெக்கறாங்களோ அவங்க கொணம், அவங்க கைராசி கொழந்தைக்கு வரும்பாங்க. டாக்டருங்க வேண்டாங்கறாங்க, ஆனாலும் ஒரு சொட்டுத் தொட்டு வெச்சுருவாங்க. சிந்துஜா படுத்துட்டே சொல்றா, "அம்மா, நீதான் வெக்கோணும். உன்னாட்டமே வேலைக்காரியா வரட்டும்"னு.

கிண்ணத்தை நீட்டினாங்க. அக்கா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டுப் பின்னால போயிருச்சு. "வேண்டாஞ் சாமி. என்ற கை வேண்டாம். எந்தப் பாவமும் பண்ணாத கொழந்தை அது, என்ற கை அதுக்கு வந்துறக் கூடாது"ங்குது. எல்லாரும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. மாமா கெஞ்சினாரு. சிந்துஜா அழுதுட்டா. அசையவே இல்லை.

அப்பறம் என்னைப் பாத்துச்சு. "தம்பி, நீ வெய்யி. உன்ற கைதான் தப்புப் பண்ணாத கை"ன்னு, கிண்ணத்தை வாங்கச் சொல்லி என்னை முன்னால தள்ளிவிட்டுச்சு.

எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. விரலை நனைச்சுக் கொழந்தை நாக்குல வெச்சேனுங்க. சப்புக் கொட்டிக் குடிச்சுச்சு.